கண்டனூர்ச் சுவரில் நீலம்

திருப்பத்தூர்ப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். மடியில் சாயக் குண்டு சுடும் ஐந்து பெயிண்ட்பால் துப்பாக்கிகள், நான்கு புதியவை. கல்யாண வீடுகளில் விளையாட்டு நடத்துபவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"நீ சுடவிட்டது நம்ம பொழப்பத்தான், மாப்ள."

"எலக்ட்ரானிக் துப்பாக்கின்னா முன்னெல்லாம் பணக்காரக சாமான். இப்ப மலிஞ்சிருச்சேன்னு துபாய்லருந்து வாங்கியாந்தேன். தப்பா மச்சான்?"

"பழசுல ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுக்கணும். விருந்தாளிக நிதானமாச் சுட்டாக. இது மழையாக் கொட்டிருச்சு. கண்டனூர்க் கல்யாண வீட்ல முட்டைச்சாந்து பூசி மெருகேத்துன சுவரெல்லாம் நீலம்."

"தண்ணியில போற சாயந்தானே?"

"சாயம் போச்சு. நீ சோப்புப் போட்டுத் தேச்சதுல சுவத்து மெருகும் போச்சு. இனி இங்குட்டு வராதீகன்னு அந்த வீட்டு ஆச்சி சொல்லிட்டாக. மத்த வீடுகளுக்கும் சொல்லியிருப்பாக."

மாப்பிள்ளை புதிய துப்பாக்கி ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"இதவிட மலிவா ஒண்ணு வருதாம், மச்சான்."

"வாங்கு. எந்த வீட்ல கதவத் தொறப்பாக?"