ரோலண்டின் பேட்டரி வண்டி

பெட்ரோல் வண்டி வாங்கலாமா, பேட்டரி வண்டி வாங்கலாமா என்று எங்கள் குடியிருப்பில் யாருக்குக் குழப்பம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். புளோரிடாவில் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய ஊர் இது. கடை, தேவாலயம், நீச்சல் குளம், எங்கே போனாலும் கோல்ஃப் வண்டி என்கிற அந்தத் திறந்த குட்டி வண்டிதான். கோல்ஃப் ஆடுகிறவர்கள்கூட அதில் போவதுண்டு. உட்காருங்கள், அதிகாரி. அந்த எலுமிச்சை கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரோலண்டின் வண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

ரோலண்ட் என் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கண் மங்கியதால் காரையும் விற்றுவிட்டார். பழைய வண்டி படுத்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று யோசனை கேட்டு வந்தார். எதிர்வீட்டு ஹெர்பும், அழைக்காமலே, கூட வந்து நின்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். எல்லாரும் முதலில் விலையைக் கேட்பார்கள். ரோலண்டோ, “ஒரு மூச்சுல எவ்வளவு தூரம் ஓடும்?” என்று கேட்டார்.

“பேசாம பெட்ரோல் வாங்குப்பா,” என்றார் ஹெர்ப். “பேட்டரி வண்டிங்கிறது சக்கரம் வச்ச டார்ச் லைட்டு. எப்ப அணையும்னு அதுக்கே தெரியாது. பெட்ரோல்னா ஏரிக்கரை வரைக்கும் ஜம்முனு போய்ட்டு வரலாம்.”

“ஏரிக்கரையில இவருக்கு என்ன வேலை?” என்றேன்.

“சும்மா, காத்து வாங்க,” என்றார் ரோலண்ட். காது மடல் சிவந்துவிட்டது.

“அந்தக் காத்துக்குப் பேரு ஜெனீவா,” என்று ஹெர்ப் அவர் முதுகில் தட்டினார்.

நான் சிரித்தேன். பேட்டரி வண்டியே வாங்கச் சொன்னேன். சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய் மாற்றும் தொல்லையில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. மத்தியானத் தூக்கத்துக்குப் போகும்போது சார்ஜரைச் செருகிவிட்டால் போதும் என்றேன். அப்படியே வாங்கினார், அப்படியே செருகினார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

ஜெனீவாவைப் பற்றி விசாரித்தேன். விசாரிக்காமல் எப்படி? இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு கிடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஏரிக்கரையில் அவள் தெரு வழியாக மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நடக்க உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள், உதட்டில் சாயத்தோடு. இடுப்பு முறிந்தவளுக்கு உதட்டில் எதற்குச் சாயம்? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டு கேரேஜ் கதவைத் திறக்கிற ரகசிய எண்ணும் எனக்குத் தெரியும். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வடக்கே போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்னைத்தான் நம்புகிறார்கள். ரோலண்ட் தூங்கும்போது உள்ளே போய், ப்ளக்கைச் சுவரிலிருந்து ஒரு நகக்கண் அளவு இழுத்துவிடுவேன். அவர் கண்ணுக்குச் செருகியிருக்கிற மாதிரியே இருக்கும். நான் கஞ்சத்தனம் செய்யவில்லை, அதிகாரி. கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஏறவிட்ட பிறகுதான் இழுப்பேன். ஒருவருக்கு எது நல்லதோ அதற்குத் தேவையான அளவு.

ஏரிக்கரைக்குப் போனால் பாதி வழியில் நின்றுவிடும். உடனே எனக்குத்தான் போன் வரும். என்னுடையது பெட்ரோல் வண்டி; இழுத்துவர அதுதான் சரி. பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவேன்.

“நீங்க இல்லேன்னா என் பாடு என்ன ஆகும் மார்லிஸ்?” என்பார்.

“பேட்டரிய நம்பித் தூரமா போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்பேன். பிறகு என் வீட்டில் சாப்பிடுவார். அந்த மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை அவர் வேலியோரம் நின்று ஹெர்பிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“ஜெனீவா அங்கயே வந்து இருந்துடச் சொல்றா. இன்னைக்குப் போய்ச் சரின்னு சொல்லிடப் போறேன்.”

“அடப்பாவி, மார்லிஸ்கிட்ட சொல்லிட்டியா?”

“அதுக்குத்தான்யா பயமா இருக்கு.”

என்னிடம் என்ன பயம்? அவள்தான் அப்படி ஏதோ ஓதி வைத்திருக்க வேண்டும்.

உச்சி வெயிலில் போன் வந்தது. “மார்லிஸ், மறுபடியும் நின்னுடுச்சு. சுத்திவர மரமே இல்ல.”

“வண்டியிலயே உக்காருங்க. இதோ வந்துட்டேன்,” என்றேன்.

அடுப்பில் கேக் ஒன்று வெந்துகொண்டிருந்தது. அதை எடுத்து ஆறவைத்தேன். சற்றுத் தாமதமானால் நல்லதுதான் என்று பட்டது. தவிக்கும்போது யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது அவருக்கே புரிய வேண்டாமா? அவளால் வர முடியாது. நான் வருவேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, “தலை சுத்துது மார்லிஸ்,” என்றார். குரல் குழறியது. அவருடைய இதயத்தைப் பற்றி எனக்குத் தெரியாமலா? மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்பிக் கொடுப்பதே நான்தான். மூன்றாவது தடவை மணி அடித்தபோது மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேருக்கு. எடுக்கவில்லை.

ஆமாம், ப்ளக்கை இழுத்தது நான்தான். போனை எடுக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி காலியாக நின்றது. கொஞ்ச தூரம் தள்ளிப் பாதையோரப் புல்லில் உயிரில்லாமல் கிடந்தார், கையில் பூங்கொத்தோடு. வண்டியிலேயே உட்காரச் சொல்லியிருந்தேன். முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் என் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறார். வெயிலில் திசை தப்பிவிட்டது, பாவம். எங்கள் தெரு பின்னால் இருக்க, ஏரிக்கரையைப் பார்த்து நடந்திருக்கிறார்.