டமாரன் மீசையை எடுத்த வாரம்

காது வரைவதுதான் மேடம், இந்தத் தொழிலில் கஷ்டம். கண்ணையும் வாயையும் யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். காதில்தான் ஆள் தெரியும்.

டமாரனை முதலில் வரைந்தபோது அவனுக்குக் காதே கிடையாது. குழந்தைகள் கார்ட்டூனில் வருகிற வழக்கமான வில்லன்: பச்சை உடம்பு, நாலு கை, வாயைத் திறந்தால் புகை. என் ஐந்து வயது மகள் அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரையே நடுங்கவைக்க வேண்டியவனுக்கு இப்படியொரு வரவேற்பா என்று இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் அவன் உருமாறட்டும், மாற மாறக் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாகட்டும் என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

மனிதன் என்றால் மாதிரி வேண்டுமே. வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

இரண்டாவது உருவத்துக்கு என் கணவரின் காதைக் கொடுத்தேன். மூன்றாவதற்குச் சாவிக்கொத்து, படியேறும்போது அவர் குலுக்கிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், மகள் என் மடியிலிருந்து குதித்து அவரிடம் ஓடுவாள். ஊட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நிற்கும். எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான். நான்காவதற்கு மீசை.

அதெல்லாம் டிவியில் வந்தபிறகு சாவி குலுங்கினால் அவள் என் முதுகில் ஒட்டிக்கொண்டாள். எவ்வளவு இதமான கனம் தெரியுமா அது?

"ஏம்மா, இவளை நான் என்னதான் பண்ணேன்?" என்று கேட்டார். பாவம், அழாத குறை.

"மீசைதான் பயமுறுத்துது போல. எடுத்துப் பாருங்களேன்."

நாங்கள் வரைவது திரைக்கு வர மூன்று மாதமாகும். மீசையில்லாத டமாரன் எப்போதோ தயார்; அந்த வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. அவர் வியாழக்கிழமை மழித்தார்.

மகள் டிவியையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து வந்து என் காதில் சொன்னாள்: "அம்மா, டமாரன் நம்ம வீட்டுக்கே வந்துட்டான்."

"சத்தம் போடாத கண்ணு," என்றேன். "அவனுக்குக் கேட்டுடும்."

இப்போது அவர் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். குழந்தைக்கு நல்லது என்று அவராகவேதான் கிளம்பினார். பெட்டியை நான் அழகாக அடுக்கிக் கொடுத்தேன். குழந்தைகள் ஆலோசகர் என்ற முறையில், அவள் ஏன் அப்பாவைப் பார்க்க மறுக்கிறாள் என்று கேட்டீர்கள். வேண்டுமென்றே செய்தேனா என்றும் கேட்டீர்கள். ஆமாம். நான் ஒரு கோட்டைக்கூடத் தெரியாமல் போட்டதில்லை.

அடுத்த தொடருக்கு இயக்குநர் ஒரு வில்லி கேட்கிறார். எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். அப்படிப்பட்ட பெண் யாரையும் நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.