ஹல்துமுல்லைப் பதிவேடு

– யாரோ கதை கட்டி விட்டிருக்கான் லீலாதேவி டீச்சர். எங்க சிவஞானத்துக்காவது, சீனி வியாதியாவது! தேத்தண்ணிக்கு மூணு கரண்டி போடுற ஆளு அவன்.

– கத்தாதேங்கோ ராமாமிர்தம் அண்ணை, புடவை எடுக்க வந்த சனம் பாக்குது. உங்கட தம்பிக்கு வாற திங்கள் கொழும்பில நெஞ்சில ஒப்பரேஷன். காப்புறுதிக் கொம்பனி காசு தராதெண்டு போன கிழமையே கடிதம் போட்டிட்டுது. கொம்பனி ஏஜென்டா அந்தப் பொலிசியை எழுதிக் குடுத்தது நான். அதுதான் வந்தனான்.

– ஏன் தராதாம்? தொண்ணூத்தேழுலேர்ந்து ஒரு மாசம் தவறாம கட்டியிருக்கானே!

– ‘முன்பே இருந்த நோயை மறைத்தார்’ எண்டு எழுதியிருக்கினம். விசாரிக்கப் போன ஆள் ஹல்துமுல்லையில ஒரு பிரைவேட் டாக்குத்தரின்ர பதிவேட்டைப் புரட்டியிருக்கிறான். சிவஞானம், புடவைக்கடை, பதுளை. பொலிசிக்கு முந்தி, தொண்ணூத்தாறில தொடங்கி ஏழு வருஷம், மாசா மாசம் சீனிக்கு மருந்துக் குளிசை.

– ஹல்துமுல்லையா...?

– ஓம். ஏன் அண்ணை, வேர்க்குது?

– ஒண்ணுமில்ல. பழசெல்லாம் ஞாபகம் வந்திருச்சு. சம்பளம் போட்ட கிழமை வேன் நெறையப் புடவைக் கட்டா ஏத்திக்கிட்டு, நானும் அவனும் தேயிலைத் தோட்டம் தோட்டமா போவோம். ஸ்பிரிங்வெளி, லுணுகலை, கடைசியா ஹல்துமுல்லை. லயத்து வீட்டு வாசல்ல சேலையத் தன் மேலயே சுத்திக்கிட்டு, ‘பொண்ணு எப்புடி அக்கா?’ன்னு ஒரு நடை நடப்பான் பாருங்க! கொழுந்து எடுத்த களைப்பெல்லாம் மறந்து சிரிப்பாங்க. கூடைய எறக்குறதுக்குள்ள பத்துச் சேலை போயிரும்.

– எங்கட அம்மாவும் இந்தக் கடைக்கு வந்தா அவரிட்டத்தான் எடுப்பா. ‘மற்றவன் உம்மெண்டு நிக்கிறான்’ எண்டுவா.

– அந்த உம்முன்னு நின்னவன் நான்தான்!

– தெரிஞ்சுதான் சொன்னனான். திரும்பி வரேக்க தேத்தண்ணி குடிப்பியளோ?

– ஹப்புத்தளையில நிறுத்துவோம். எனக்கு மட்டும் சீனியில்லாம சொல்லுவான். கேட்டா, ‘ஒன் மூஞ்சிக்கு இனிப்பு ஒத்துவராதுண்ணே’ன்னு நக்கல். அதெல்லாம் ஒரு காலம் டீச்சர்.

– அவர் லயத்தில சேலை விக்கேக்க, ஹல்துமுல்லையில நீங்கள் எங்க போவியள்?

– நானா? ஒரு மொத்த வியாபாரியப் பாக்க.

– மாசா மாசமோ? அண்ணை, கொழும்பில தம்பியின்ர இரத்தத்தை மூண்டு தரம் சோதிச்சவை. சீனி துளியும் கூடுதலா இல்லை. அப்ப ஏழு வருஷம் அந்தக் குளிசையை விழுங்கினது ஆர்?

– மெதுவா பேசுங்க.

– நான் மெதுவாத்தான் கதைக்கிறன். ஆரெண்டு சொல்லுங்கோ.

– நான்தான்! போதுமா? பதுளையில டாக்டர்கிட்ட போனா மறுநாள் கடைவீதி பூரா தெரிஞ்சிரும். ‘அந்த வீட்டு ரத்தத்துலயே சீனி’ன்னு சொன்னா எம்பொண்ணு கௌசிகாவை எவன் கட்டுவான்? அதான் ஹல்துமுல்லைக்குப் போனேன். பேரு கேட்டாரு. தம்பி பேரு வாயில வந்திருச்சு. கல்யாணமே வேணாம்னு இருக்கிறவன், அவன் பேருல இருந்தா என்னன்னு விட்டுட்டேன். பாவி நான்.

– தம்பிக்கு இது தெரியுமோ?

– சத்தியமா தெரியாது.

– உங்கட பொலிசியிலயும் ‘நோய் ஒண்டும் இல்லை’ எண்டுதானே கையெழுத்து வைச்சனீங்கள்?

– ஆமா.

– கடவுளே! உள்ளதைச் சொல்லியிருந்தா கொஞ்சம் கூடுதலாக் காசு கட்டி ஒழுங்கா எடுத்திருக்கலாமே. சீனி எண்டது கொலைக்குற்றமோ? நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்தில அரைவாசிப் பேருக்கு இருந்தது. இடைவேளைக்குச் சேர்ந்திருந்து குளிசை போடுவம்.

– ஒங்களுக்குமா?

– பத்து வருஷம்.

– இப்ப நான் என்ன பண்ணணும்?

– பதிவேட்டில இருக்கிறது நீங்கள் எண்டு எழுதித் தரோணும். டாக்குத்தருக்கு உங்கட முகம் தெரியும், அவரும் உறுதிப்படுத்துவார். ஆனா உங்கட பொலிசி போயிடும். இன்னொண்டு, கடிதம் போற கிளையில கௌசிகாவின்ர மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்தான் மனேச்சர்.

– ஆவணியில கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு டீச்சர்.

– தெரியும். அதுதான் நான் வற்புறுத்தேல்லை.

– தாள் குடுங்க.

– வீட்டில ஒருக்காக் கேட்டிட்டு...

– ஏழு வருஷம் யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தக் கதி. இந்த மாப்பிள்ளை போனா இன்னொருத்தன் வருவான். தம்பிக்கு நான் எங்க போவேன்? ‘சிவஞானம் என்ற பெயரில் மருந்து எடுத்தவன் ராமாமிர்தமாகிய நான்.’ கையெழுத்தும் போட்டாச்சு. பிடிங்க. என்ன டீச்சர், நீங்க ஏன் அழுவுறீங்க?

– நீங்களா எழுதும் வரைக்கும் இதைக் காட்டக்கூடாதெண்டு இருந்தனான். கொம்பனிக்குக் குடுக்கச் சொல்லித் தம்பி நேற்று எனக்கு அனுப்பின கடிதம். வாசிக்கிறன், கேளுங்கோ: ‘அந்தச் சீனி வியாதி எனக்குத்தான். காப்புறுதிப் பணம் வேண்டாம். அண்ணனிடம் எதுவும் கேட்காதீர்கள். கௌசிகாவின் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.’