முழு வரலாறு தெரிந்த வண்டி

உங்கள் ஸ்டேஷன் ஜீப்புக்கு சைலன்ஸர் மாற்ற வேண்டியிருக்கிறது சார். உள்ளே வரும்போதே கவனித்தேன். யாரும் கேட்காவிட்டாலும் காதில் விழுந்ததைச் சொல்லிவிடுவது என் பழக்கம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு மெத்தைக் கடை. விற்கிற மெத்தைக்குப் பத்து வருஷம் கியாரண்டி கொடுக்கிறவன் நான். அதனால் எதை வாங்கினாலும் அதன் பூர்வோத்தரம் தெரியாமல் வாங்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவியைப் பற்றிக்கூட அவள் தெருவில் நாலு பேரிடம் விசாரித்தேன். அவள் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த பிக்கப் வண்டியையும் அப்படித்தான் விசாரித்தேன். சரக்கு ஏற்றும் இடத்தில் தகரத்தால் ஒரு குட்டி வீடே கட்டியிருந்தார்கள். படுக்கை, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கழிவறை. ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் நகர்த்தித் திறக்கிற ஒரு கண்ணாடி ஜன்னல். கட்டியவரும் விற்றவரும் ஒருவரே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெல்டர். வெளியூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், அங்கே சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை, அதனால் விற்கிறார். மறுபேச்சு பேச முடியாத காரணம்.

சேசிஸ் நம்பரைத் துடைத்துப் படித்தேன். பதிவு அலுவலகத்தில் கேட்டேன். ஒரே கை. விபத்து இல்லை, வழக்கு இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது, அது வேறு.

வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. ஹாரன் அடித்தால் பின்னால் மின்விசிறி சுற்றியது. டேஷ்போர்டில் இரண்டு வரிசை ஸ்விட்ச், ஒன்றிலும் பெயர் இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடினார்.

"சார், இது வண்டி இல்ல, ஒருத்தரோட மண்டை. உள்ள என்ன ஓடுதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் கை வெக்க மாட்டேன். அவரையே கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். அண்ணன் வந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வந்து, குனிந்து, ஒரு ஒயரை இழுத்துவிட்டால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து வேறொன்று கிளம்பும். திரும்பவும் கூப்பிடுவேன்.

"ஏன் தம்பி, வண்டிய உங்களுக்கு வித்தனா, இல்ல வீட்டோட மாப்பிள்ளையா வந்துட்டனா?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள் சார். அந்த வண்டியின் உதிரிபாகங்களில் முக்கியமானது எது? எஞ்சின் எந்தக் கடையிலும் கிடைக்கும். அண்ணன் ஒருவர்தான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம், என் மெத்தைக் கிடங்குக்கு வந்தார். படுக்கைக்கு அடியில் இன்னொரு பேட்டரி இருப்பதைக் காட்ட வண்டிக்குள் ஏறினார்.

"இதோட என் வேலை முடிஞ்சுது தம்பி. நாளைக்கு ரயில் ஏறுறேன். இனிமே போன் போட்டு கேட்டாலும் எனக்கு ஞாபகம் இருக்காது, சொல்லிட்டேன்."

ஞாபகம் இருக்காது என்றார். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கிறது. அதை வைத்தது அவர், நான் அல்ல. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் சத்தம் போட்டார். கிடங்கில் நாலு பக்கமும் கூரை வரைக்கும் மெத்தை அடுக்கியிருப்பதால் வெளியே கேட்காது. அது தற்செயல். அவருடைய பழைய படுக்கையை எடுத்துவிட்டு, கடையிலேயே உசத்தியான மெத்தையை ஒல்லியாகச் சுருட்டி, அந்தச் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினேன். போனை சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கினேன். இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. பிரஷர் மாத்திரைகூட நானே வாங்கி வந்தேன். ஒரு ஸ்விட்சைப் பற்றி விளக்கியதும் ஒரு மாத்திரை. வேளை தவறிவிடக் கூடாதே என்று அந்த ஒழுங்கு. ஒருநாள் கோபத்தில் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மாத்திரை மிச்சமாகிவிட்டது.

வண்டி அருமையாக ஓடியது சார். வாங்கிய நாளிலிருந்து அப்படி ஓடியதில்லை. குடும்பத்தோடு ஏரிப் பக்கம்கூட ஒருமுறை போய்வந்தோம். ஜன்னலை மூடி மெத்தைத் துண்டு ஒன்றைச் செருகியிருந்தேன்.

"என்னங்க, பின்னால யாரோ இருமுற மாதிரி இல்ல?" என்றாள் மனைவி.

"பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்."

"இந்த வயசுல உங்களுக்கும்தான் இருமல் வருது. உங்கள யாரு வாங்குவா?" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

அப்புறம்தான் அண்ணனின் மகள் வந்தாள். ரயிலில் அப்பா வந்து இறங்கவில்லை, போனும் எடுக்கவில்லை என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சரியாகச் சாப்பிடாத முகம்.

"கடைசியா உங்க வண்டியப் பாக்கப் போறேன்னு சொன்னாரு சார்."

"வந்தாரும்மா. பேட்டரி எங்க இருக்குன்னு காட்டினாரு."

நான் பொய் சொல்வதில்லை.

"போலீஸ்ல சொல்லிடலாமா சார்?"

"அவசரப்படாதம்மா. முதல்ல தெரிஞ்சவங்க வீட்ல எல்லாம் கேட்டுப் பாப்போம்."

என் மனைவிக்கு இளகிய மனசு. "பாவம், தனியா எங்க போயி அலையும்? எழுந்திரிங்க, நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போய் விசாரிங்க" என்றாள். வீட்டில் வேறு வண்டி கிடையாது. மறுத்தால் நன்றாக இருக்குமா, சொல்லுங்கள்.

ஆகவே அண்ணனைத் தேடி அண்ணனோடு கிளம்பினோம். அவர் பழைய பட்டறைக்குப் போனோம், மச்சான் வீட்டுக்குப் போனோம், அவர் முடி வெட்டிக்கொள்கிற கடைக்குப் போனோம். எல்லா இடத்திலும் நானும் இறங்கி அக்கறையாக விசாரித்தேன். மகளின் குரலைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது, பின்னால் தட்டத் தொடங்கினார்.

"என்ன சார் சத்தம்?"

"மாத்திக் கட்டின வண்டிம்மா. உங்கப்பா கட்டினதுதானே."

"அப்பா கட்டினா ஆணிகூட ஆடாது சார். நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி." அழுதுகொண்டே சொன்னாள்.

பாலத்துக்கு நடுவே, முன்னும் பின்னும் பக்கத்திலும் லாரிகள் நிற்கும்போது, டேஷ்போர்டிலிருந்து புகை கிளம்பியது. வைப்பர் தானாக ஆடியது. ஹாரன் நிற்காமல் அலறியது. அவள் பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தாள், லாரி ஒட்டி நின்றதால் திறக்க முடியவில்லை. எந்த ஸ்விட்ச் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் விளக்கிக்கொண்டு வந்த வரிசையில் இந்த ஸ்விட்ச் வரைக்கும் இன்னும் நாங்கள் வந்திருக்கவில்லை.

வேறு வழியில்லை சார். மெத்தைத் துண்டைப் பிடுங்கிவிட்டு ஜன்னலை நகர்த்தினேன்.

"அண்ணே, டேஷ்போர்டு புகையுது. எத அணைக்கணும்?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உங்க எடது காலுக்கு மேல சின்னதா ஒரு கம்பி இருக்கும், அத கீழ இழுங்க. சாவியத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா முன்பக்கம் பூரா எரிஞ்சுடும்."

இழுத்தேன். எல்லாம் அடங்கியது. அவள் திரும்பி அந்தக் கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்தாள்.

"அப்பா?"

"லாரி நகந்திடுச்சா பாரு. மொதல்ல நீ வண்டிய விட்டு எறங்கும்மா. எறங்கிட்டியா? தூரப் போய் நில்லு."

லாரி நகர்ந்ததும் இறங்கினாள், ஆனால் தூரப் போகவில்லை. பின்பக்கம் ஓடித் தாழ்ப்பாளைத் திறந்தாள். அண்ணன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. மகளைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார். அதற்குள் போக்குவரத்துக் காவலர் வந்துவிட்டார். மீதி உங்களுக்குத் தெரியும்.

கதவைச் சாத்தியது நான்தான். திறக்காமல் வைத்திருந்ததும் நான்தான். அதை மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அவருடைய விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவருக்கு என் மேல் அப்படியொரு வருத்தம் இருந்திருந்தால், நான் கேட்டபோது சாவியைத் தொடு என்றுதானே சார் சொல்லியிருப்பார்?