வாசலுக்கு ஒரு கலர் டிவி

— மழ அடிச்சா நனையுமான்னு கேட்டேன். நீ இன்னாடான்னா பொம்ம எப்டி தெரியுது பாருன்ற. பொம்ம தெரியட்டும் அண்ணாச்சி. மழ அடிச்சா?

— டிவிய நனைய வச்சுப் பாக்கணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் பெரியவரே. கல்மண்டபத்துல எத்தன வருசமா கட வச்சிருக்கேன். எல்லாரும் வீட்டுக்குள்ள வைக்கத்தான் டிவி கேப்பாங்க.

— நான் வாசல்ல வெக்கப் போறேன். உனுக்கு இன்னா கஷ்டம்?

— எனக்கென்ன கஷ்டம்? வாங்கிட்டுப் போயி கெணத்துக்குள்ள வச்சாலும் நான் பில்லு போடுவேன். வாசல்னா எப்படி? போர்டிகோவா?

— கேட்டியா ராஜாத்தி? போர்டிகோவாம். காசிமேட்டு சந்துல நமக்கு போர்டிகோ கீதாம். நாலு சவுக்குக் கம்பு, மேல ரெண்டு ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு, அதுல ஒண்ணு வெடிச்சி கீது. இந்தப் பக்கம் உன் மீன் கூட, அந்தப் பக்கம் தண்ணிக் கொடம். காரு வந்து நிக்க வேண்டியதுதான் பாக்கி.

— என்னை ஏன்யா கேக்குற? நான் வாசல்ல வேணான்னுதான வர்ற வழியெல்லாம் கத்திகினு வந்தேன். அண்ணாச்சி, இந்த ஆளு பேச்ச காதுல போட்டுக்காதீங்க. உள்ள வெக்கிறாப்பல ஒண்ணு குடுங்க. பீரோ பக்கத்துல எடம் கீது.

— எடம் ஏன் கீது? அதையும் சொல்லு. அங்க ஒரு டிவி இருந்துச்சு, இப்ப இல்ல, அதான் எடம் கீதுன்னு சொல்லு.

— வாய மூடுய்யா. கடையில வந்து.

— பழசு இருந்தா எக்ஸ்சேஞ்சுல போட்டுரலாமே பெரியவரே. ஓடலன்னாலும் பரவால்ல. டியூப்பு போயிருந்தாலும் எடுத்துக்கிடுதேன்.

— டியூப்பு மட்டும் போவல அண்ணாச்சி. டியூப்பு, பொட்டி, ஒயரு, ரிமோட்டு, மேல போத்தி வெச்சிருந்த பூப்போட்ட துணி, எல்லாம் ஒத்துமையா சேந்தே போச்சு.

— திருட்டா?

— ரிப்பேருக்குப் போயிருக்குன்னு இவ சொன்னா. மழ காலத்துல போச்சு. இப்ப வெயிலு மண்டைய பொளக்குது. பெரியாஸ்பத்திரிக்குப் போனவனே இதுக்குள்ள திரும்பி வந்திருப்பான், ஒண்ணு நடந்து வந்திருப்பான், இல்ல படுத்துகினு வந்திருப்பான்.

— அட சவத்த! எந்தக் கடையில குடுத்தீய? பேரச் சொல்லுங்கம்மா. எனக்குத் தெரிஞ்சவனாத்தான் இருப்பான். நான் பேசுதேன்.

— சொல்லுமே. அண்ணாச்சி கேக்குறாருல்ல. எந்தக் கட?

— அண்ணாச்சி, அந்த ஓரத்துல கீதே, அது இன்னா சைஸு?

— கேட்டது கடை பேரு. வந்தது டிவி சைஸு. ஸோக்கா பதில் சொல்றா பாரு என் பொண்டாட்டி.

— அது இருவத்தொம்பது இஞ்சும்மா. ஃபிளாட்டு டியூப்பு. படம் கண்ணாடி கணக்கா இருக்கும். ஆனா ஒண்ணு, வாசல்ல வச்சா வாரண்டி கெடையாது. இப்பமே சொல்லிட்டேன். உங்க பக்கம் உப்புக் காத்து. உள்ள இருக்க போர்டெல்லாம் பச்ச புடிச்சுப் போவும்.

— உப்புக் காத்து என்னையே ஒண்ணும் பண்ணல. ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச்சு ஓட்டுனவன் நானு. மொகத்துக்கு நேரா அடிக்கும்.

— நீங்க டிவி இல்லையே பெரியவரே.

— ஆமாமா. டிவியா இருந்தா வாரண்டியாவது இருந்திருக்கும்.

— சிரிக்காதீங்க அண்ணாச்சி, இந்த ஆளுக்கு ஏத்தம் ஜாஸ்தியாப் போவும். ஹார்பர்லேர்ந்து பறந்து வர்ற கரித்தூள சொல்லுங்க. காலைல தொடச்ச செவுரு சாயங்காலம் கருப்பாயிடுது. அதுல கலர் டிவிய கொண்டாந்து வெச்சா நாலே நாள்ல பிளாக் அண்ட் ஒயிட்டாயிடும்.

— தொடைக்கறதுக்குத்தான் நீ கீறல்ல?

— நான் மீன் விக்கறதா, உன் பொட்டிய தொடைக்கறதா?

— அண்ணாச்சி, சத்தம் எப்டி? கண்டெய்னர் லாரி போவச்சொல்ல கேக்கணும். இல்லன்னா எல்லாரும் ஊமப் படம் பாத்துகினு குந்தியிருப்பானுங்க.

— எல்லாருமா? வீட்டுல எத்தன பேரு?

— வூட்ல நாங்க ரெண்டு பேருதான். மிச்சம் தெரு.

— தெருவுக்கே டிவி காட்டப் போறீயளா? எலக்சன்ல நிக்கப் போறீயளோ?

— நின்னா உன் ஓட்டு எனுக்கு விழாது, எனுக்குத் தெரியும். நீ சத்தத்த வையி.

— சரி, சத்தமும் ஜோராத்தான் இருக்கு, கேளுங்க. இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். ராத்திரி கள்ளப்பய எவனாச்சும் வந்து தூக்கிட்டுப் போனா? தெருவுல கெடக்குத சாமானுக்கு யாரு காவலு?

— அதுக்குத்தான் கூண்டு. வெல்டிங்குக்குச் சொல்லிட்டேன். நாலு பக்கமும் கம்பி, முன்னாடி கதவு, கதவுக்குப் பூட்டு. கூண்ட செவுத்தோட வெச்சி சிமிட்டி பூசிடுவேன். சாவி என் அர்ணாக்கவுத்துல.

— நீங்க டிவி வாங்குதீயளா, கிளி வளக்கீயளா?

— கிளின்னா தூக்கிகினு போவச்சொல்ல கத்தும் அண்ணாச்சி. இந்தச் சனியன் கத்தாது.

— இந்த ஆளுக்கு யாரு மேலயும் நம்பிக்க கெடையாது அண்ணாச்சி. தண்ணி லாரிக்காரன் மேல கெடையாது, ஊசி போட்ற டாக்டரு மேல கெடையாது. கேபிள்காரப் பையன் ஒயரு இழுக்க மொட்ட மாடிக்குப் போனா இந்த ஆளும் பின்னாடியே ஏறிப் போவான், முட்டி வலியோட.

— நம்பிக்க வெச்சதெல்லாம் இன்னாச்சு? மிக்ஸி மேல வெச்சேன், மிக்ஸி போச்சு. சைக்கிள் மேல வெச்சேன், சைக்கிள் போச்சு. டிவி மேல வெச்சேன்.

— பெரியவரே, தப்பா நெனைக்காதீய. உள்ள வச்சதே இம்புட்டு போயிருக்கு. நீங்க போயி வெளிய வைக்கேன்னு நிக்கீய. இது எந்த ஊரு நியாயம்?

— எங்க தெரு நியாயம். கேளு. எதுர்ல தாவூது பாய் வூடு. அவரு சம்சாரம் ஜன்னல வுட்டு நவராது. பக்கத்துல குப்பம்மா இட்லிக் கட. மேட்ச்சு போட்டா மீன் புடிக்க போட்டுல போற பசங்க அத்தினி பேரும் வந்து குந்திக்குவானுங்க. அவ்ளோ கண்ணுக்கு முன்னாடி எவன் பொட்டில கை வெப்பான்? எங்க தெரு நல்ல தெரு அண்ணாச்சி. அங்க திருடன் கெடையாது. வூட்டுக்குள்ள வெச்சாத்தான் காணாம பூடுது.

— உள்ள நீங்க ரெண்டு பேருதான்னு சொன்னீய?

— ஆமா. எப்பனா தொர வருவாரு.

— யோவ், வேணாம்.

— எந்தத் தொர?

— எங்க புள்ள. செங்குட்டுவன். பேரு மட்டும் ராஜா பேரு. வர்றதும் ராஜா மாதிரிதான். வருவாரு, வந்து கப்பம் வாங்கிகினு போவாரு. பழைய சாமான் வாங்குறவன் ஒருத்தன் கீறான். அவனுக்கு நம்ம வூடுதான் குடோன்.

— குடியா?

— குடின்னு வெச்சிக்கோ. சீட்டுன்னு வெச்சிக்கோ. நீ எத சொன்னாலும் நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

— அவன் ஒண்ணும் திருடல. எண்ணூர்ல ஒரு கம்பெனில வேலக்கி சேரணும், அதுக்கு ஒருத்தனுக்குக் குடுக்கணும்னான். சேந்ததும் புதுசா வாங்கித் தர்றேன்னான். சொல்லிட்டுத்தான் எடுத்தான்.

— பாத்தியா அண்ணாச்சி? இத்தினி நாளு ரிப்பேரு. இப்ப சொல்லிட்டு எடுத்தானாம். உன் கட கோர்ட்டு மாதிரி கீதே. உள்ள வந்ததும் நெசம் பேசுறா.

— குடும்ப விசயம் நமக்கெதுக்கு பெரியவரே. கூண்டுக்கு அளவு எடுத்துக்கிடுங்க. வாசல்லயே வைங்க. அம்மாவும் காத்தாட உக்காந்து நாடகம் பாக்கலாம்.

— நான் பாக்க மாட்டேன்.

— பாக்காம இன்னா பண்ணுவ? சாயங்காலமானா குப்பம்மா வூட்டு ஜன்னல்ல எக்கி எக்கி நின்னுகினு நாடகம் பாத்தவ நீ. அத்தப் பாத்துட்டுத்தான நான் இந்தக் கட ஏறினேன்? எனுக்கு இன்னா, கண்ணுல பொர வுழுந்து கீது. டிவி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான்.

— கூண்டு போட்டா அவன் வர மாட்டான்.

— அதுக்குத்தான்மே கூண்டு.

— நானும் அதத்தான் சொல்றேன். வர மாட்டான். நெனச்சிப் பாரு, அவன் எப்பப்ப வந்தான்? வூட்ல எதனா இருந்தப்ப வந்தான். மிக்ஸி இருந்தப்ப வந்தான். சைக்கிள் இருந்தப்ப வந்தான். டிவி இருக்கச்சொல்ல ரெண்டு நாளு தங்கினான். வஞ்சிர மீன் கொழம்பு. இன்னாம்மா காரமே இல்லன்னு திட்டிகினே ரெண்டு வாட்டி வாங்கித் துன்னான். டிவி போச்சு. அப்பால ஒரு எட்டு வந்தானா? பொங்கலுக்கு வந்தானா? வந்தா எடுக்க இன்னா கீது, அவன் வர்றதுக்கு?

— அப்ப நீ தெரிஞ்சேதான்...

— தெரிஞ்சேதான். ஒயர புடுங்கிக் குடுத்ததே நான்தான்யா. மழ தூறிகினு இருந்துச்சி, சாக்கு ஒண்ணு எடுத்து போத்தி வுட்டேன். சோறு துன்னுட்டு எடுத்துகினு போடான்னேன். துன்னுட்டுத்தான் போனான்.

— அம்மா, கொஞ்சம் தண்ணி குடிக்கீயளா? அந்த ஸ்டூல்ல இரிங்க.

— வேணாம் அண்ணாச்சி.

— அப்போ நான் புது டிவி வாங்கி பீரோ பக்கத்துல வெச்சிட்டு, வாடா ராஜா, வந்து தூக்கிகினு போடான்னு வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணும். அப்டித்தான?

— ஒரு வேள சோறு துன்னுட்டுப் போவான்ல?

— சோத்துக்கு ஒரு டிவி. ரெண்டாவது வாட்டி கொழம்பு கேட்டா பிரிட்ஜையும் சேத்துக் குடுப்பியா? நான் இன்னா ஹார்பரையே எழுதி வாங்கிகினா வந்தேன்?

— நக்கல் பண்ணு, பண்ணு. உன்னாண்ட அது ஒண்ணுதான் மிச்சம். நீ அவன் மொகத்தப் பாத்து எவ்ளோ நாளாச்சி, அத்தச் சொல்லு.

— நான் ஏன் பாக்கணும்?

— அவன் எளச்சிட்டானா, தடிச்சிட்டானா? உனுக்குத் தெரியுமா? கைல காயம் பட்டுகினு வந்தான் அன்னிக்கு. ஆறிச்சா, இல்லியா? சொல்லுய்யா. எல்லாத்துக்கும் வாய் நீளுமே. இப்ப இன்னா?

— பெரியவரே? என்ன, டிவிய அசச்சு கனம் பாக்கீய? இருவத்தொம்பதுக்கே பில்லு போட்டுரவா? வாசல்லயோ உள்ளயோ, உங்க இஷ்டம். நான் இனிமே வாயத் தொறக்கல.

— அத்த வுடு அண்ணாச்சி. அவன் ஒடம்புல இப்ப தெம்பு இருக்காது. ஒரே ஆளா தூக்குறாப்பல லேசா எதனா கீதா, காட்டு.