ஆளுக்குப் பாதி மிஷின்

— கையை எடுங்க மாமா. இப்ப என் முறை.

— உன் முறையா? மதர்போர்டு எடுத்த, அதுமேல உக்காந்திருக்கிற ப்ராசசரையும் சேத்து எடுத்த. அது ரெண்டு. நான் எடுத்தது டிஸ்ப்ளே கார்டு ஒண்ணே ஒண்ணு. கணக்குன்னா கணக்கா இருக்கணும் மாப்பிள்ளை. இப்ப நான்தான்.

— ரெண்டும் சேந்து ஒண்ணுன்னு பேசித்தான ஆரம்பிச்சோம்? அக்கா, நீயே சொல்லு.

— அப்படித்தாங்க பேசினீங்க. தம்பி எடுக்கட்டும். எவ்வளவு நேரம் நான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?

— அதான, தம்பின்னா போதுமே உனக்கு.

— எனக்குக் கை வலிக்குது. ஸ்குரூவை எல்லாம் இந்த டம்ளர்ல போடுங்க. தரையில போட்டா அப்புறம் அதுக்கும் ஒரு சண்டை வரும்.

— ஸ்குரூவும் ஆளுக்குப் பாதியா மாமா?

— ஸ்குரூ பாதி. தூசி மட்டும் முழுசா உனக்கு. அஞ்சு வருஷமா ஒரு நாள் தொடைச்சிருப்பியாடா இதை?

— தொடைச்சது நான்தான். நீங்க ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க.

— சரி, எனக்கு எஸ்.எஸ்.டி.

— நினைச்சேன்! கல்யாணம், வரவேற்புன்னு மொத்த வீடியோவும் அதுலதான இருக்கு. எல்லாத்தையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்னு பாக்குறியா?

— வேலையெல்லாம் அக்கா தனியா ரெண்டு டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சாச்சு மாமா. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உள்ள எதுவும் கிடையாது, வெறும் எஸ்.எஸ்.டி. என் கையில இருக்கிற காசுக்கு ஒரு பழைய மானிட்டர்தான் வரும். இதுக்கும் சேத்து எங்க போவேன்?

— காசு இல்லாதவனை எவன் தனிக்கடை போடச் சொன்னான்?

— நீங்கதான்! வீடியோ வேலை குடுக்க வந்த பொண்ணு வீட்டுக்காரங்க இதே பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. "இவன் எங்க வீட்ல தங்கியிருக்கிற பையன், சும்மா ஒயர் மாட்டி விடுவான்"னு அவங்க முன்னாடி சொன்னது யாரு? இந்த மிஷினை ஒவ்வொரு சாமானா தேடி, கடை கடையா ஏறி இறங்கிப் பேரம் பேசிக் கட்டினது நானு. ஒயர் மாட்டினேனாம்!

— வேற எப்படிச் சொல்றது? என் ரூமு, என் கரண்ட்டு, வாசல்ல தொங்குறது என் பேரு. நீ என்ன பண்ணின? எனக்குத் தெரியாம வெளி வேலை பிடிச்சு, நான் தூங்கினப்புறம் என் மிஷின்லயே ஓட்டின.

— நம்ம மிஷின்.

— அதான் பிரிக்கிறோமே, இனிமே என்ன நம்ம மிஷின்? நேத்தே முடிஞ்சிருக்கும். இவ மத்தியானம் போனவ, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தா.

— கையில இருந்த கடைசிக் கல்யாண வீடியோவை வாக்குக் குடுத்தபடி கொண்டுபோய்க் குடுக்க வேண்டாமா? அது பாக்கி இருக்கும்போது மிஷினைப் பிரிக்க விடமாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். குடுத்தாச்சு. இனி எந்த வேலையும் பாக்கி இல்ல. பிரிங்க.

— அப்ப நான் மானிட்டர்.

— மானிட்டரா? எது பெரிசா தெரியுதோ அதைத் தூக்குறீங்க, பொம்மைக் கடைக்குள்ள விட்ட குழந்தை மாதிரி.

— நீ சிரி, சிரி. முகத்துக் கலரை இது மாதிரி காட்டுற மானிட்டர் வேற கிடைக்காதுன்னு உங்க அக்காதான் சொல்லியிருக்கா. நாளைக்கு என் கடையில உக்காந்து எடிட் பண்ணப் போறவ அவதான? அவளுக்கு வேண்டியதைத்தான் நான் எடுக்க முடியும்.

— உங்க கடையிலயா? அக்கா எனக்குத்தான் பண்ணித் தருவா.

— எப்பச் சொன்னா?

— சொல்லித்தான் தெரியணுமா? சின்ன வயசுலேர்ந்து நான் கேட்டு அவ முடியாதுன்னு சொன்னதே இல்ல.

— கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், தம்பி கடைக்குப் போவாளா? நல்லா இருக்குடா உன் நியாயம். நீ வாயைத் திறந்து சொல்லேம்மா.

— அடுத்தது என்ன? ராம், இந்த மெமரிக் குச்சி. சொல்லுங்க.

— ராம் ரெண்டு இருக்கு. ஆளுக்கொண்ணு.

— அப்பாடா, இதுலயாவது அடிதடி இல்ல.

— இருக்கு மாமா. ஒளிச்சு வைக்கிற ஆள் நான் இல்ல, இப்பவே சொல்லிடறேன். இது பழைய ரகம். இன்னைக்கு வர்ற புது மதர்போர்டுல இது உக்காராது. நீங்க புதுசா மதர்போர்டு வாங்கினா, ராமும் புதுசா வாங்கணும்.

— அப்ப எனக்குக் குடுக்கிறது குப்பை!

— பழைய மதர்போர்டாத் தேடுங்க. ரிப்பேர் கடையில எங்கயாவது கிடக்கும்.

— ஓஹோ! இதை யோசிச்சுத்தான் முதல் ரவுண்டுலயே மதர்போர்டை அமுக்கினியா?

— யோசிக்காம எடுக்க நான் என்ன நீங்களா?

— நான் யோசிக்கலன்னு யாரு சொன்னா? மாப்பிள்ளை, இந்த மிஷின் வாங்கின அன்னைக்குக் கடையில நின்னு நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?

— எத்தனையோ சொன்னேன்.

— "படம் காட்டுற வசதி இல்லாத ப்ராசசராப் போடுவோம் மாமா, விலை குறையும். எப்படியும் தனியா டிஸ்ப்ளே கார்டு வாங்கத்தான போறோம்"னு சொன்ன. கடைக்காரனே உன் சாமர்த்தியத்தை மெச்சினான். நான் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி தலையாட்டினேன். ஆனா காதுல வாங்கி வச்சிருந்தேன்டா. இப்ப கார்டு எங்க இருக்கு?

— மாமா…

— என் மடியில இருக்கு! நீ போய் மிஷினைக் கட்டு, மகராசனா கட்டு. பட்டனை அழுத்தினா ஓடும். ஃபேன் சத்தம் கேக்கும், லைட்டு எரியும். ஆனா ஒரு புள்ளி படம் வராது. கல்யாண வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு ஃபேன் சத்தத்தைப் போட்டுக் காட்டு.

— இது அநியாயம். வேணும்னே பண்ணியிருக்கீங்க.

— பின்ன, உன்னை மாதிரி தெரியாமலா பண்ணுவேன்?

— சரி, அந்தக் கார்டை எதுல சொருகுவீங்க? சுவத்துலயா? மதர்போர்டு என்கிட்ட இருக்கு.

— நான் வாங்கிக்குவேன்.

— எதை வச்சு? வீட்டு வாடகையே ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியாதா? மதர்போர்டு, ப்ராசசர், அதுக்கேத்த ராம், எஸ்.எஸ்.டி எல்லாம் வாங்கணும். அதுக்குப் பேசாம புது மிஷினே வாங்கிடலாம்.

— உனக்கு மட்டும் கார்டை எவன் சும்மா தருவான்? ஒரு கார்டு விலையில உன் மிச்ச சாமானையே மூணு தடவை வாங்கலாம்.

— இருக்கட்டும். இப்ப என் முறைதான? பவர் சப்ளை எனக்கு.

— அடேய், அவ்வளவு பெரிய சப்ளை உனக்கு எதுக்குடா? கார்டே இல்லாத மிஷினுக்குச் சின்னதே போதுமே!

— உங்களுக்கு இல்லாம இருக்கிறதுக்கு. உங்க கார்டு குடிக்கிற கரண்ட்டுக்குச் சின்ன சப்ளை தாங்காது. இதையும் கடையில புதுசா வாங்கிக்கோங்க.

— பாத்தியாம்மா உன் தம்பி புத்தியை! அப்ப கேபினெட் எனக்கு. அவன் எல்லாத்தையும் சாக்குப் பையில கட்டித் தொங்க விடட்டும்.

— தாராளமா எடுத்துக்கோங்க. வெறும் தகரப் பெட்டி. துணி மடிச்சு வைக்கலாம்.

— நீங்க ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருங்க. வேலையெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போயிடும்.

— அவனுக்கா? போகட்டுமே, போய் என்ன பண்ணுவான்? கண்ணாடி ரூமு, ஏசி, மிஷின்னா அப்படி ஒரு மிஷின் வச்சிருக்கான். உக்காந்து எடிட் பண்ணத்தான் ஆள் இல்ல. வர்றவன் ஒருத்தனும் நிலைக்கிறதில்ல.

— இது ஒண்ணுல மாமா சொல்றது நிஜம். போன தடவை அவன் குடுத்த வீடியோவுல பொண்ணு முகம் காமாலை வந்த மாதிரி இருந்துச்சு.

— ஆமா, பாத்தேன். சரி பண்ணக்கூடியதுதான்.

— அதை விடு. இன்னும் என்ன பாக்கி?

— மவுஸ். கீபோர்டு.

— மவுஸ் எனக்கு. கீபோர்டை அவனே வச்சுக்கட்டும்.

— அது எனக்கெதுக்கு? ஒரு கட்டையிலயாவது எழுத்து இருக்கா? எல்லாம் வழுக்கை. அக்கா தேச்சே எடுத்துட்டா. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது.

— எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? எழுத்து இருந்தப்பவே தடவித் தடவித்தான் அடிப்பேன். குப்பையில போடு.

— மாமா, சண்டையை விட்டுட்டு ஒண்ணு கேக்குறேன். கார்டை ஒரு மாசம் குடுங்க. ரெண்டு வேலை முடிச்சுக் காசு பாத்ததும் திருப்பிக் குடுத்துடறேன்.

— மதர்போர்டை ஒரு மாசம் எனக்குக் குடு. நானும் ரெண்டு வேலை முடிச்சுட்டுக் குடுக்குறேன்.

— அப்ப உங்க கார்டு அப்படியே கிடந்து துருப்பிடிக்கட்டும்.

— உன் ப்ராசசரோட சேந்து பிடிக்கட்டும். இங்க பாரும்மா, இனிமே மழுப்பாத. நீ யார் பக்கம்னு இப்பவே சொல்லிடு. நீ வர்றேன்னா உன் சங்கிலியை வச்சாவது மதர்போர்டு வாங்கிடுவேன்.

— அக்கா, நீ என் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லு, எங்கயாவது கடன் சொல்லி ஒரு கார்டு கொண்டு வந்துடறேன். நீ வந்து உக்காந்தா போதும்.

— ரெண்டாப் பிரிக்கலாம்னு நீங்க பேசின அன்னைக்கு நான் சமையல்கட்டுலதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. மூணாப் பிரிக்கணுமான்னு ஒருத்தர் வாயிலயும் வரல.

— நீ வேற, நான் வேறயாம்மா? இதென்ன புதுசா?

— உனக்கு எதுக்குக்கா பங்கு? எங்கள்ல யார்கிட்ட இருந்தாலும் அது உனக்கு இருக்கிற மாதிரிதான?

— சரி விடுங்க. ரெண்டு பேருக்கும் வேண்டாததை நான் எடுத்துக்கலாமில்ல? அந்தக் கீபோர்டை இப்படி நகத்து தம்பி. ஒயரை இழுக்காத, மெதுவா.

— வழுக்கைக் கீபோர்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற நீ?

— அதானே! மிஷினே இல்லாம அதைக் கொண்டுபோய் எங்கக்கா சொருகுவ?

— பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, அந்தக் கண்ணாடி ரூம்ல. நேத்து திரும்பி வர்ற வழியில உக்காந்து ஓட்டிப் பாத்தேன். மிஷின் முழுசா இருக்கு, நல்லாவும் ஓடுது. கீபோர்டுதான் கைக்குப் பழகல.