தாய்மாமன் மடி

"ஹலோ... ஆமாக்கா, மாரீஸ்வரிதான், சொல்லு... இருக்கான், உள்ளதான் இருக்கான். ஒம் பாப்பா காதுகுத்துக்குப் போட வேண்டிய சட்டைய எடுத்து எடுத்து மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கான்... ஆமா, ஆமா, பத்திரிகை வந்துச்சு. தாய்மாமன்னு தம்பி பேரு போட்டிருக்குல்ல, நாலு நாளா அதக் கைய விட்டு எறக்கல..."

"என்னது?... யாரு மடியில?... சங்கர் மடியிலயா?"

மாரீஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

"சித்தப்பா மகன் இருக்கட்டும்க்கா. கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கயில... ஆமா... ஆமா, சீக்குதான். நான் இல்லன்னா சொன்னேன்? போன வருசம் சடங்கு வீட்ல எலையத் தூக்கி எறிஞ்சான், ஒன் மாமியா வீட்ல அதையே எத்தன நாளைக்குச் சொல்லுவாக... இப்பத்தான் ஒழுங்கா மாத்திர போடுறானே, ஒரு மாசமா ஒரு நா விடல..."

"எப்படிப் போட வச்சேன்னு தெரியுமா ஒனக்கு? மாத்திர போட்டாத்தான் பாப்பாவ ஒம் மடியில ஒக்கார வப்பாகன்னு சொல்லித்தான்... ஆமா, சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

சொன்னபோது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. இனி மடி இல்லையென்று தெரிந்தால் மாத்திரையையும் நிறுத்திவிடுவான். போன பங்குனியில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிளம்பிப் போனவனை மூன்றாம் நாள் வீரசோழன் பஸ் ஸ்டாண்டில்தான் கண்டுபிடித்தார்கள். காலில் செருப்பு இல்லை.

"நான் மட்டும் வரவா? இவன யார்கிட்ட விட்டுட்டு வர?... பூட்டி வச்சுட்டா?... அக்கா, அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லாத..."

"எனக்கும் முப்பத்தஞ்சு முடியப் போகுது. பரளச்சியில இருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு சேல எடுக்கப் போயி ரெண்டு வருசமாச்சு. சில நேரம் இவன் தூங்கயில பாத்துக்கிட்டே இருப்பேன், இப்படியே எந்திரிக்காமப் போயிட்டா என்னன்னு தோணும்... ஆமாக்கா, தோணும். பெறகு எந்திரிச்சு கஞ்சி கேப்பான், ஆத்திக் குடுப்பேன்..."

"அழுகல. நான் எதுக்கு அழுக... சரி, நீயே அவன்கிட்ட சொல்லிரு, போன அவன்கிட்ட குடுக்கேன்... ஏன், ஒனக்கும் தம்பிதான?... அக்கா... ஹலோ... அக்கா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

திரும்பினால், நிலைப்படியில் தம்பி சுந்தரபாண்டி நிற்கிறான். காதுகுத்துச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கப் பயமாக இருந்தது.

"ம்... ம்... அப்படியாக்கா... அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டாகளா? மாமனாருக்கு ஒடம்புக்கு முடியலயா, பாவம்... ஆமா, ஆமா. தம்பி மடியிலதான், பெறகு யாரு மடியில? நான் சொல்லிர்றேன்..."

அவன் கையை நீட்டினான். போனைத்தான் கேட்கிறான் என்று நினைத்து ஒரு எட்டுப் பின்வாங்கினாள். அவன் கேட்டது காலை மாத்திரையை.

"அக்கா, ஒரு நிமிசம் இரு," என்றாள், யாருமில்லாத போனில். "தம்பிக்கு மாத்திர குடுத்துட்டு வாரேன்."